இருபது பைட் பேக்கப்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். கிட்லாப் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் இடம் அது. அன்றைக்கு அவர்களுடைய தரவுத்தளம் திணறிக்கொண்டிருந்தது. முதன்மைக் கணினி ஒன்று, அதை அப்படியே பின்தொடரும் நகல் கணினி இன்னொன்று. நகல் ரொம்பவும் பின்தங்கிவிட்டது. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு பொறியாளர் முடிவு செய்தார். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பவேண்டிய நேரம் அது. அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது. அவர் இருந்தது நகல் கணினியில் இல்லை, முதன்மைக் கணினியில். உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்குமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நாள்தோறும் தரவுத்தளத்தைச் சுருக்கி அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, அதைப் படியெடுக்கும் நிரலோ 9.2 பதிப்பு. பதிப்பு ஒத்துவராததால் அது ஒவ்வொரு முறையும் பிழை சொல்லிவிட்டு நின்றுவிட்டிருக்கிறது. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் அந்த மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாமல் போனதால், பெறும் சர்வர் அவற்றைத் திருப்பித் தள்ளிவிட்டது. ஆக, பேக்கப் எடுக்கப்படவில்லை. எடுக்கப்படவில்லை என்ற செய்தியும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால், வேறொரு சோதனைக்காக, முழுத் தரவையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அது இருந்த கணினியின் வட்டு வேகம் குறைந்தது. அதிலிருந்து திரும்பக் கொண்டுவந்து தளத்தை மறுபடி இயங்க வைக்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவானவை போயே போய்விட்டன; சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிறுவனம் இதில் எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூட்யூபில் நேரலையாகவே காட்டியது. நம் அலுவலகங்களில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் கதவைத்தான் சாத்துவார்கள். கிட்லாப்மீது எனக்கு மரியாதை வந்தது அந்த நேரலையால்தான்.

அங்கே நடந்ததன் சிறு வடிவம் நம் ஊரில் தினமும் நடக்கிறது. அதைத்தான் இன்று கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

ஒரு பள்ளி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு பதிப்பகம். கணக்கெல்லாம் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. கணினி தெரிந்த தம்பி ஒருவர் ஒரு வரிக் கட்டளை எழுதி, இரவு 2 மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரியில் இரண்டு நிரல்கள் கைகோத்து நிற்கும். முதலாவது தரவுத்தளத்தைப் படித்து எழுத்தாகக் கொட்டும். இரண்டாவது, ஜி-ஜிப் என்ற நிரல், கொட்டுவதை வாங்கிச் சுருக்கி, தேதி போட்ட ஒரு கோப்பாக வைக்கும். நல்ல ஏற்பாடு. ஒருநாள் யாரோ தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். அன்றிரவு முதல் நிரலால் உள்ளே நுழைய முடியவில்லை. ஒன்றையும் கொட்டாமல் நின்றுவிடுகிறது. இரண்டாவது நிரல் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுக்கும்! தலைப்புக்கு 10 பைட், உள்ளே வெறுமை என்று சொல்ல 2 பைட், கடைசியில் சரிபார்ப்பு எண்ணுக்கும் மூல நீளத்துக்குமாக 8 பைட். மொத்தம் 20 பைட். இப்படிக் கைகோத்த நிரல்களில் கடைசி நிரலின் பதிலைத்தான் கணினி மொத்த வரிக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளும். அதனால் வேலை வெற்றி என்றே பதிவாகும்.

மறுநாள் இன்னொரு 20 பைட். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஒரு நாள் விடாமல் வரிசையாகக் கோப்புகள். பெயரில் தேதி சரி, ஐக்கான் சரி. அளவு என்ற பத்தியை யாரும் பார்ப்பதில்லை. இதைத் தடுக்க வழி உண்டு. கட்டளைகளை ஓட்டும் பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வரிசையில் எந்த நிரல் தோற்றாலும் மொத்த வரியும் தோல்வி என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல் படியெடுக்கும் நிரல், வேலை முழுதாக முடிந்தால் கோப்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு எழுதும். பேக்கப்பைப் பிரித்து அந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த வரி இல்லையென்றால், கோப்பு எத்தனை ஜிபி இருந்தாலும் பாதியில் நின்றுபோன கோப்பு அது.

சரி, இந்தச் சுருக்கும் வித்தை எப்படி நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் பேக்கப் பற்றிப் பேசினால் பாதி விஷயம் புரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1977இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவியை முழுக்க அச்சிட மாட்டார்கள்; அடைப்புக்குறிக்குள் ‘பல்லவி’ என்று மட்டும் போட்டுவிடுவார்கள். அதேதான் அந்த இருவரும் சொன்னது. ஏற்கெனவே வந்த பகுதி மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே. ‘இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்’ என்று இரண்டு எண்களை மட்டும் எழுது. இதற்கு மேல் ஒரு படி, அதற்கும் 25 ஆண்டு முந்தியது. எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர், தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று மாணவர்களுக்குச் சலுகை கொடுத்தார். டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் தேர்வுக்குப் பயந்தோ என்னவோ கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். பேராசிரியராலேயே முழுமையாகத் தீர்க்க முடியாதிருந்த கணக்கைத் தீர்த்து, 1952இல் வெளியிட்டார். அடிக்கடி வருவதற்குச் சிறிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி. இதை எவ்வளவு சிக்கனமாக அமைக்க முடியுமோ அவ்வளவு சிக்கனமாக அமைக்கும் முறை அது. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் டிஃப்ளேட் என்ற முறை. இன்று நீங்கள் கையாளும் ஜிப் கோப்புகளில் பெரும்பாலானவை இந்த முறையில் சுருங்கியவை. லெம்பெல், ஸிவ் இருவரும் 2023இல் இரண்டு மாத இடைவெளிக்குள் காலமானார்கள். நம் பத்திரிகைகளில் அதற்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

இந்த வித்தை தமிழில் கூடுதலாக வேலை செய்யும். காரணம் சொல்கிறேன். யூனிகோடில் தமிழ் எழுதும்போது, யூடிஎஃப்-8 என்ற வடிவில், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. ‘க’ என்றால் 224, 174, 149 என்று மூன்று எண்கள். அதன் பக்கத்தில் துணைக்கால் போட்டால் இன்னும் மூன்று: 224, 174, 190. ஆக ‘கா’ என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான். நமக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டம் என்று ஆரம்பத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அந்த எண்களைக் கவனியுங்கள். எந்தத் தமிழ்க் குறியீட்டை எடுத்தாலும் முதல் எண் 224. இரண்டாவது எண் 174, இல்லாவிட்டால் 175. மூன்றில் ஒரு பங்கு அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொரு பங்கு இரண்டே எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. சுருக்கும் நிரலுக்கு இது வேட்டை! அதற்கு மேல் ‘கொண்டிருக்கிறது’, ‘வேண்டும்’, ‘என்று’ என்றெல்லாம் நாம் பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகிறோம், அதுவும் அப்படியே மடிந்துவிடும். அதனால் ஒரு தமிழ் நாவலின் வெறும் எழுத்துக் கோப்பைச் சுருக்கினால், அந்தத் தண்டத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது.

இதில் ஓர் எல்லை உண்டு. டிஃப்ளேட் முறை 32,768 பைட்டுக்கு மேல் பின்னோக்கிப் பார்க்காது. தமிழில் அது சுமார் 10,900 குறியீடுகள்தான். ஒரு சிறுகதையின் அளவுதான். முதல் அத்தியாயத்தில் வந்த சொற்றொடர் பத்தாம் அத்தியாயத்தில் வந்தால் அதற்கு நினைவிருக்காது. செவன்-ஜிப் போன்ற சுருக்கும் நிரல்கள் பல மெகாபைட் பின்னோக்கிப் பார்க்கின்றன. அதனால் இன்னும் சிறிதாக்குகின்றன. கணினிக்கு அதிக நினைவகமும் நேரமும் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஜிப் என்ற வடிவத்தைக் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஃபில் காட்ஸ். அதற்கு முன் ஆர்க் என்ற வடிவம் புழக்கத்தில் இருந்தது. அதன் உரிமையாளர்கள் 1988இல் காட்ஸ்மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் 1989இல் புதிதாக ஜிப்பை உருவாக்கி, அதன் உள்ளமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார். அந்தத் தாராளத்தினால்தான் இன்றைக்கும் எந்தக் கணினியிலும் ஜிப் திறக்கிறது. அவர் குடிக்கு அடிமையாகி, 2000 ஏப்ரலில், 37 வயதில், ஒரு விடுதி அறையில் இறந்தார். வழக்கமான ஜிப் கோப்பு எதையும் எழுத்துக் கோப்பாகத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்து பி, கே. அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

வேர்டு கோப்பு ஒன்றையும் அப்படித் திறந்து பாருங்கள். அதிலும் பி, கே இருக்கும். இப்போதைய வேர்டு, எக்செல், மின்னூலுக்கான இ-பப், ஆண்ட்ராய்டு செயலி எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. வேர்டு கோப்பு கெட்டுப்போய்த் திறக்காவிட்டால், அதை ஒரு பிரதி எடுத்து, பிரதியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வேர்டு என்ற ஃபோல்டரில் டாக்குமென்ட் என்ற கோப்பு இருக்கும். அதில்தான் உங்கள் முழு எழுத்தும். மீடியா ஃபோல்டரில் படங்கள். எத்தனையோ ஆய்வேடுகள் இப்படிப் பிழைத்திருக்கின்றன. அதே காரணத்தால், வேர்டு கோப்புகளை மறுபடி ஜிப் செய்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஜேபெக் படங்கள், வீடியோ, எம்பி-3 பாட்டு ஆகியவையும் அப்படித்தான். ஏற்கெனவே பிழிந்ததை மறுபடி பிழிய முடியாது.

அப்படியென்றால் இந்தக் காலத்தில் எதற்கு ஜிப்? இடம் மிச்சம் செய்யவா? ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் இன்று பெரிய செலவு இல்லை. என் கணக்கில், இடத்துக்காக யாரும் இனி ஜிப் செய்யவேண்டாம். வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பத்தாயிரம் சிறு கோப்புகள் ஒரே கோப்பாகச் சேர்ந்துவிடுகின்றன. நகலெடுப்பதும் எண்ணிப் பார்ப்பதும் எளிது. இன்னொன்றுதான் முக்கியமானது. ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற ஒரு சரிபார்ப்பு எண் கூடவே எழுதப்படுகிறது. உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு வரும் எண் அது. எங்கோ ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். கெட்டுப்போன கோப்பு தற்செயலாக அதே எண்ணைத் தரும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. ஒரு ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தால், அதில் ஒரு படம் கெட்டாலும் என்றோ ஒருநாள் நீங்கள் அதைத் திறக்கும்வரை தெரியாது. ஜிப்பில் போட்டிருந்தால், செவன்-ஜிப், வின்ரார் எதிலும் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பிரித்து, எண் பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். ஐந்து நிமிட வேலை. யாரும் செய்வதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சுருக்கிய கோப்பில் அடி பட்டால் வலி அதிகம். வெறும் எழுத்துக் கோப்பில் ஒரு பைட் கெட்டால் ஓர் எழுத்து கோணலாகத் தெரியும், அவ்வளவுதான். சுருக்கிய கோப்பில் பின்வருவதெல்லாம் முன்வந்ததைச் சுட்டிக்கொண்டே போவதால், ஓர் இடத்தில் ஏற்பட்ட பிழை அதற்குப் பிறகு உள்ளதையெல்லாம் கெடுக்கும். ஜிப் இதில் கொஞ்சம் பாதுகாப்பானது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குவதால் ஒன்று போனாலும் மற்றவை தப்பும். லினக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் டார்-ஜி-ஜிப் முறையில் எல்லாக் கோப்புகளையும் முதலில் ஒட்டி நீளமான ஒரே கோப்பாக்கி, பிறகு சுருக்குவார்கள். அளவு நன்றாகக் குறையும். ஆனால் நடுவில் ஒரு பைட் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் கதை முடிந்தது. வின்ராரில் ‘ரிகவரி ரெக்கார்டு’ என்று ஒரு வசதி உண்டு. கூடுதலாகக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டு, சிறு சேதத்தைத் தானே சரிசெய்யும். பல ஆண்டு வைத்திருக்கவேண்டிய ஆவணம் என்றால் அந்த வசதியைப் போடுங்கள்.

ஜிப்புக்கு இன்னொரு குணம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை அது கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறது. நகல் முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கினால் அந்தப் பட்டியல்தான் முதலில் போகும். அதனால்தான் 99 சதவீதம் நகலாகியும் ‘கரப்ட்’ என்று சொல்கிறது. அந்த நிலையில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டியல் இல்லாமலே உள்ளே தேடிக் கோப்புகளை எடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. இன்னொரு சிக்கல் நம்மிடம் அடிக்கடி வருவது: பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது, 5 ஜிபி ஜிப்பைப் போட்டால் ஏற்க மறுக்கிறது. பென்டிரைவ் ஃபேட்-32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். துண்டு துண்டாகப் பிரித்து 001, 002 என்று வைப்பவர்களும் உண்டு. ஒரு துண்டு தொலைந்தாலும் மொத்தமும் முடங்கிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இங்கே சிற்றிதழ் நடத்துகிறவர்களும் அச்சகம் வைத்திருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கென்று தனியாகச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது கோப்புப் பெயர். ஜிப்பில் கோப்புப் பெயர்களை யூனிகோடில் எழுதலாம் என்ற விதி 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஜிப்களில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ மாறியிருக்கும். உள்ளடக்கம் நலமாகத்தான் இருக்கும். பெயரைப் பார்த்துப் பயந்து அழித்துவிடாதீர்கள். இப்போதும் ஒரு வம்பு இருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 85 குறியீடுதான். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் எழுத்துக் கணக்கில் ஐம்பதை ஒட்டித்தான் வரும். நம்மவர்கள் கட்டுரைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ‘இறுதி மெய்ப்பு திருத்தியது புதிது’ என்பதையும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். விண்டோஸில் அது ஓடும். லினக்ஸ் சர்வரில் பிரிக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் வராது. ஜிப்புக்கு வெறும் எண்ணில் பெயர் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். தானாகவே காலவரிசையில் நிற்கும்.

இரண்டாவது எழுத்துரு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன், நாமெல்லாம் பாமினி, டேம், டேப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். பாமினியில் அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியை அது அரைப்புள்ளி இருந்த இடத்தில் வைத்திருந்தது. பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகங்கள் இன்னும் மோசம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7. அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்-6. அது 2012இல் வந்தது. உங்கள் பழைய ஜிப் அப்பழுக்கில்லாமல் பிரியும், சரிபார்ப்பு எண் அத்தனையும் பொருந்தும், ஆனால் உள்ளே இருக்கும் நாவலை ஒருவராலும் வாசிக்க முடியாது. அதனால் அச்சகப் பேக்கப் என்றால் அந்த ஜிப்புக்குள் மூன்று இருக்கவேண்டும்: மூலக் கோப்பு, அதில் பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகள், கூடவே முழுப் புத்தகத்தின் பிடிஎஃப். யூனிகோடுக்கு மாற்றிய வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றையும் போட்டுவிட்டால், ஐம்பது வருடம் கழித்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரை ஜிப் செய்யாதீர்கள். நிரல் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நடுவில் படமெடுத்தால் பாதி பழையது, பாதி புதியது என்று வரும். மென்பொருளிலேயே பேக்கப் என்று இருப்பதைப் பயன்படுத்துங்கள். அதில் வருகிற கோப்பை ஜிப் செய்துகொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். பீட்டர் க்ராக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதி பலருக்கும் தெரிந்திருக்கும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தது. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரித் தீ. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்தது: 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருக்கும் நாடு அது! நம் கதைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம்; 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்கள் மூழ்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி மேசைமேல், பேக்கப் ஹார்டு டிஸ்க் அதே மேசை இழுப்பறையில் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான்.

கூகுள் டிரைவில் தானாகவே ஏறிக்கொள்கிறது, அது போதாதா என்று கேட்பார்கள். அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், பிறகு போய்விடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது தேடிப் பூட்டிய கோப்பு வகைகளின் பட்டியலில் ஜிப், ரார், டார் எல்லாம் இருந்தன. திருடனுக்கும் பேக்கப் எங்கே இருக்கும் என்று தெரியும். பேக்கப் முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொல்வது அதனால்தான். தினமும் ஒரே ஜிப்பின் மேலேயே திரும்ப எழுதுவதும் ஆபத்து. பூட்டப்பட்ட கோப்புகளையே நல்ல பிரதியின்மேல் எழுதிவிடுவோம். கடந்த வாரம், கடந்த மாதம், கடந்த ஆண்டு என்று சில தலைமுறைகளாவது கையில் இருக்கட்டும்.

கடவுச்சொல் போடுவதானால், ஜிப்பின் பழைய பூட்டு வேண்டாம். 1994லேயே பிஹாம், கோச்சர் என்ற இருவர் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டினாலும் ஜிப்பில் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும் என்பதை மறக்கவேண்டாம். பெயரே ரகசியம் என்றால் செவன்-ஜிப்பின் சொந்த வடிவத்தில் பெயரையும் மறைக்கலாம். பிறகு அந்தக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஏஇஎஸ் பூட்டைத் திறந்துகொடுக்கிறேன் என்று சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி மீட்டெடுப்பது. முதல் விதி, பேக்கப்பை மூலம் இருக்கும் இடத்திலேயே பிரிக்காதீர்கள். ஒரு கோப்புதானே காணோம் என்று போன மாத ஜிப்பை அதே ஃபோல்டரில் பிரிப்பார்கள். ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று கணினி கேட்கும். பத்து முறை கேட்டதும் எரிச்சலில் ‘யெஸ் டு ஆல்’ அழுத்துவார்கள். ஒரு மாத வேலை அந்த ஒரு சொடுக்கில் போய்விடும். தனியாக ஒரு புது ஃபோல்டர் போட்டு அதில் பிரியுங்கள். தேவையானதை மட்டும் அங்கிருந்து கையால் எடுத்து வையுங்கள். அந்த ஃபோல்டரும் டிரைவின் மேல்மட்டத்திலேயே, ‘1’ என்பதுபோல் சின்னப் பெயரில் இருக்கட்டும். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் பிரிக்க மறுக்கும். வட்டில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிப்புக்கு ஓர் இடம், பிரிந்து வருவதற்கு அதைவிடப் பெரிய இடம் வேண்டும்.

பிரித்ததும் முடிந்ததாக நினைக்கவேண்டாம். அதில் மிகப் பெரிய கோப்பு, மிகப் பழைய கோப்பு, தமிழ்ப் பெயருள்ள கோப்பு என்று பொறுக்கி எடுத்துத் திறந்து பாருங்கள். தரவுத்தளம் என்றால் காலியாக ஒரு சோதனைத் தரவுத்தளம் உருவாக்கி அதில் ஏற்றி, நேற்றைய கடைசிப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். முடிந்தால் இதையெல்லாம் வேறொரு கணினியில் செய்யுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துருவும் மென்பொருளும் உங்களை ஏமாற்றும். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிட்லாப் போன்ற நிறுவனத்துக்கே 18 மணி நேரம் ஆனது என்றால், கடையைத் திறந்து வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு நீங்கள் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பது முன்கூட்டியே தெரியவேண்டிய கணக்கு.

நேரம் ஆகிவிட்டது. ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு அமர்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு பேக்கப்பும் எடுக்கவேண்டாம். இருக்கிற பேக்கப்களில் கடைசியாக எடுத்ததைத் தேடி, அதன் அளவைப் பாருங்கள். பிறகு வேறொரு கணினியில் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு கோப்பைத் திறந்து நாலு வரி வாசியுங்கள். திறக்கவில்லையென்றால், மூலம் இன்னும் நலமாக இருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக் காலை முதல் வேலையாகப் புதிதாக எடுத்துவிடுங்கள்.